வாங்குவதா, வாடகையா? முதலில் பாயை விரியுங்கள்

கேள்வி:

என் பெண்ணுக்கு ஐந்து மாதம் முடிந்து பத்து நாள் ஆகிறது. மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தில் மாமியாருடன் இருக்கிறேன். கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் துணி தைக்கிறேன். பாப்பாவைக் கீழே விட்டால் அழுகிறாள். இடுப்பிலேயே வைத்திருந்தால் ஒரு வேலையும் நடப்பதில்லை. சென்னையில் இருக்கும் நாத்தனார் தன் குழந்தைக்கு ஆக்டிவிட்டி சீட் வாங்கியிருக்கிறார். நடுவில் குழந்தை உட்கார, சுற்றிலும் பொம்மைகள் இருக்கும் வட்டமான சீட். விலை 9,500 ரூபாய். காது குத்துக்கு அதையே தாய்மாமன் சீராக வாங்கி வருகிறேன் என்கிறான் என் தம்பி. திருச்சியில் ஒருவர் மாதம் 900 ரூபாய் வாடகைக்குத் தருகிறார். அட்வான்ஸ் 3,000. கொண்டுவந்து கொடுத்துத் திரும்ப எடுத்துப்போக 1,200. மாமியாரோ, "அவ்வளவு காசு எதுக்கு? 1,500 ரூபாய்க்குச் சக்கரம் வைத்த வாக்கர் வாங்கிப் போடு, காலுக்குப் பலம் வந்து சீக்கிரம் நடக்கும்" என்கிறார். பக்கத்து வீட்டுக் குழந்தை ஐந்து மாதத்தில் உட்கார்ந்துவிட்டது. இவள் இன்னும் உட்காரவில்லை. அதுவும் மனசை அரிக்கிறது. நான் என்ன செய்யட்டும், மேடம்?

— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள அம்மா,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுங்கள், அதுவும் இரண்டு மாதத்துக்கு மட்டும். இப்போதே எடுக்க வேண்டாம். இன்னும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் போகட்டும். வாக்கர் எந்த விலைக்கும் வேண்டாம், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கும்பகோணத்தில் 19 வருடமாகக் குழந்தைகளுக்குப் பிசியோதெரபி செய்கிறேன். இதே கேள்வியோடு மாதத்துக்கு இரண்டு மூன்று தாய்மார்களாவது வருகிறார்கள். எல்லோரும் சீட்டைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள். பேசிக்கொண்டே போனால் உள்ளே வேறொன்று இருக்கும்: "என் குழந்தை பின்தங்கிவிட்டதோ?" உங்கள் கடிதத்திலும் அது கடைசிக்கு முந்தின வரியில் இருக்கிறது. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளை மாதாமாதம் பார்த்து, எது எப்போது வருகிறது என்று 2006இல் வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள். எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையும் இதற்குள் இருக்கிறது, உங்கள் பெண்ணும் இதற்குள்தான் இருக்கிறாள். ஐந்து மாதத்தில் உட்காராதது குறையே இல்லை.

நம் ஊர்க் கணக்கும் இதற்கு மாறாக இல்லை. பிள்ளைத்தமிழில் குழந்தை வளர்வதைப் பத்துப் பருவமாகப் பிரித்தார்கள் அல்லவா? அதில் ஐந்தாம் மாதத்துக்குப் பெயர் செங்கீரை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி அசைந்தாடுவது செங்கீரை ஆடுவது. ஒன்பதாம் மாதம்தான் சப்பாணி, அதாவது உட்கார்ந்து இரண்டு கையையும் கொட்டுவது. கைகளை ஊன்றாமல் உட்கார வந்தால்தானே கொட்ட முடியும்? குழந்தை முதலில் குப்புறக் கிடந்து தலையைத் தூக்கும், கையை ஊன்றும், அப்புறம்தான் உட்காரும் என்பதைப் பார்த்துப் பார்த்துப் பாடியிருக்கிறார்கள். என் படிப்பில் கழுத்து, தோள், முதுகு, இடுப்பு என்ற வரிசையில் பலம் இறங்கி வருகிறது என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றுதான். உங்கள் பாப்பா இப்போது செங்கீரையில் இருக்கிறாள். அவளுக்கு இப்போது தேவை தரை.

சரி, அந்தச் சீட்டில் உட்கார வைத்தால் என்ன நடக்கிறது? நடுவில் இருக்கும் துணியில் இரண்டு ஓட்டை வழியாகக் கால் தொங்கும். குழந்தையின் எடையை அந்தத் துணி தாங்கும், முதுகைச் சுற்றியிருக்கும் வளையம் தாங்கும். குழந்தை தன் இடுப்பாலும் முதுகாலும் செய்ய வேண்டிய வேலையைச் சீட் செய்துவிடுகிறது. பொம்மை கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் அதற்காக உருளவோ நகரவோ வேண்டியதில்லை. கால் தரையில் முழுதாகப் படாவிட்டால் விரல் நுனியில் எம்பி எம்பி நிற்கும். பார்க்க நமக்குச் சந்தோஷமாக இருக்கும், "ஆஹா, நிற்கிறாளே" என்று. அது நிற்பதில்லை, தொங்குவது. நிற்கும் குழந்தை தன் பாதத்தைப் பார்க்கும், தடுமாறும், பின்பக்கம் தொப்பென்று உட்காரும், திரும்ப எழும். அந்தத் தடுமாற்றத்தில்தான் நடை பிறக்கிறது.

அதனால் இந்தச் சீட்டால் காலுக்குப் பலம் வரும், சீக்கிரம் நடப்பாள் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது உங்களுக்கான சாமான். நீங்கள் அடுப்பில் இருக்கும் உலையை வடிக்க, ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்து முடிக்க, நிம்மதியாகக் குளித்துவிட்டு வர, குழந்தை ஓரிடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும் அல்லவா, அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு உதவும். அதில் தப்பே இல்லை. புருஷன் வெளிநாட்டில், மாமியாருக்கும் வயது, கையில் தையல் வேலை. இப்படி இருக்கும் தாய்க்குக் கை ஓய வேண்டும். அந்த உதவிக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம் என்பதுதான் இப்போது கேள்வி.

நீங்கள் எழுதிய விலைகளையே வைத்துப் பார்ப்போம். இரண்டு மாத வாடகை 1,800, வண்டிச் செலவு 1,200, ஆக 3,000. நான்கு மாதம் வைத்திருந்தால் 4,800. வாங்கினால் 9,500, பாதி விலைக்கு விற்றால்கூட உங்கள் கையிலிருந்து 4,750 போகிறது. நான்கு மாதமாவது பயன்பட்டால்தான் வாங்குவது கட்டுப்படியாகும். பயன்படுமா? இந்த வகைச் சீட்டுகளில் பெரும்பாலும் 11 கிலோ எடை வரை, சுமார் 80 சென்டிமீட்டர் உயரம் வரை என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து ஒரு வருடம் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆறரை மாதத்தில் ஆரம்பிக்கிறீர்கள். எட்டு மாதத்தில், ஒன்பது மாதத்தில் தவழ ஆரம்பித்தால் பாப்பா அதில் பத்து நிமிடம்கூட இருக்க மாட்டாள். இறக்கிவிடச் சொல்லி வில்லாக வளைவாள். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கும் மேல் இரண்டு மூன்று மாதத்திலேயே சீட் பரணுக்குப் போய்விட்டது. நம் பக்கம் பரணில் போட்ட துணிச் சாமான் ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எலி கடிக்காமல் இருந்தால் பூஞ்சை பூத்திருக்கும். அடுத்த குழந்தைக்கு ஆகும் என்று எடுத்து வைப்பதெல்லாம் இந்த ஈரத்தில் நடக்கிற காரியமில்லை.

வாங்குவது சரியாக வருகிற வீடும் உண்டு. இரட்டைக் குழந்தை, அல்லது குடும்பத்தில் இன்னொருவர் மாசமாக இருந்து சீட் கைமாறப் போகிறது என்றால் தாராளமாக வாங்கலாம். தொட்டில் அக்கா வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்குப் போவதில்லையா, அப்படி. நாத்தனார் குழந்தை வளர்ந்ததும் அந்தச் சீட்டை உங்களுக்குத் தருவாரா என்று வாய்விட்டுக் கேட்டுப் பாருங்களேன். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கிடைத்தால் வாடகைகூட மிச்சம்.

இனி வாக்கர். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சக்கரம் வைத்த வாக்கரில் குழந்தை ஒரு நொடியில் 3 அடிக்கு மேல் போய்விடும். நீங்கள் பக்கத்திலேயே நின்றாலும் எட்டிப் பிடிக்க முடியாது. கனடா 2004ஆம் ஆண்டிலேயே வாக்கர் விற்பதைத் தடை செய்துவிட்டது. பழைய வாக்கரைக்கூட அங்கே விற்கக் கூடாது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை 2,30,000க்கும் அதிகமான குழந்தைகள் வாக்கரால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் படியில் உருண்டவர்கள். நம் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு இறங்கும் படி, திண்ணை, ரேழி, வாசல் படி, கொல்லைப்புறத்துப் படி. ஒரு வீட்டில் நான்கு இடத்திலாவது இறக்கம் இருக்கிறது. திருவையாறு பக்கத்திலிருந்து பத்து மாதப் பையனை நெற்றியில் தையலோடு கொண்டுவந்தார்கள். வாக்கரோடு முற்றத்தில் விழுந்திருக்கிறான். தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வாக்கரில் இருந்ததால் தரையில் விட்டால் விரல் நுனியில்தான் நின்றான், தவழவே தெரியவில்லை. வாக்கரை நிறுத்திவிட்டுத் தரையில் பழக்கினோம், மெல்ல மெல்லச் சரியானான். அந்தத் தாய் அன்று என் எதிரில் உட்கார்ந்து அழுத அழுகையை நான் மறக்கவில்லை. நல்லது என்று நினைத்துத்தானே வாங்கிக் கொடுத்தார்.

உங்கள் மாமியார் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அவர் காலத்து நடைவண்டியை மனதில் வைத்துத்தான் வாக்கரைச் சொல்லியிருப்பார். நடைவண்டி வேறு, வாக்கர் வேறு. நடைவண்டியில் குழந்தை உள்ளே தொங்குவதில்லை. பின்னால் தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ளுகிறது. சோழ நாட்டு வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் குதிரை இல்லாமல் உருட்டிய முக்கால் சிறுதேர், அதாவது மூன்று சக்கரச் சின்னத் தேர், பட்டினப்பாலை என்ற சங்கப் பாட்டிலேயே வருகிறது. சாமான் பழையதுதான், நல்லதுதான். ஆனால் பிடித்து எழுந்து நிற்க வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். ஆள் கூடவே இருக்க வேண்டும். வழுக்கித் தனியாக ஓடாமல் இருக்க, முன்பக்கம் இரண்டு கிலோ அரிசி மூட்டையைக் கட்டிவிடுங்கள்.

தம்பி சீர் செய்யத் துடிக்கிறான் என்றால் அந்த மனசைத் தட்டாதீர்கள். ஒரு நல்ல மர நடைவண்டி வாங்கி வரச் சொல்லுங்கள், பத்துப் பதினோரு மாதத்தில் உபயோகமாகும். கெட்டியான ஒரு ஜமக்காளம் கேளுங்கள், இன்றைக்கே உபயோகமாகும். மிச்சப் பணத்தை அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் போட்டால் அதுவும் தாய்மாமன் சீர்தான்.

சீட்டை எப்போது எடுக்கலாம் என்பதற்குத் தேதி பார்க்காதீர்கள், பாப்பாவைப் பாருங்கள். தலை ஆடாமல் நிற்க வேண்டும். உங்கள் மடியில் இடுப்பைப் பிடித்து உட்கார வைத்தால் கூன் விழாமல் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும். பாப்பா குறைமாதத்தில் பிறந்திருந்தால் பிறந்த தேதியிலிருந்து கணக்கிடக் கூடாது. பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து எண்ணுங்கள்.

உட்கார வைத்ததும் முதலில் பாதத்தைப் பாருங்கள். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட்டு, முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். விரல் மட்டும் பட்டால் உயரத்தைக் குறையுங்கள். குறைக்க முடியாத மாதிரியாக இருந்தால் பாதத்துக்கு அடியில் கெட்டியாக மடித்த ஜமக்காளம் வையுங்கள். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம். ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். பதினைந்து ஆகாவிட்டாலும் தலை ஒரு பக்கம் சாய்ந்தால், கண் சொக்கினால், உடனே தூக்கிவிடுங்கள். அதில் தூங்க விடக் கூடாது. சீட் சமதரையில் மட்டும் இருக்கட்டும். திண்ணையில் வேண்டாம், கட்டிலில் வேண்டாம், மேஜையில் வேண்டவே வேண்டாம். உங்கள் தையல் மிஷினுக்கு மிக அருகிலும் வேண்டாம். ஊசி, பட்டன், கத்தரி எல்லாம் கீழே விழும். அடுப்பு, கிரைண்டர் ஒயர், சுடு கஞ்சிப் பாத்திரம், இவற்றிலிருந்து எட்டி, ஆனால் உங்கள் கண்ணில் படும்படி.

வாடகைக்கு வரும் சாமானைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது நான்கு வீடு பார்த்து வந்தது. ஆள் வண்டியிலிருந்து இறக்கும்போதே பரிசோதியுங்கள், அவர் போன பிறகு பார்த்துப் பயனில்லை. சீட் துணியைக் கழற்ற முடிகிறதா? தையல் விட்டிருக்கிறதா? தையல்காரர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கால் ஓட்டையின் விளிம்பையும், துணியை வளையத்தோடு பிடிக்கும் பட்டையையும் இழுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் விரிசல் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வெளுத்துப் போய் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், அதை எடுக்காதீர்கள். எல்லாக் காலும் ஒரே உயரத்தில் பூட்டுகிறதா, கையால் அழுத்தினால் ஆடுகிறதா பாருங்கள். பொம்மைகளைத் திருகி, இழுத்துப் பாருங்கள். பழைய ஃபிலிம் சுருள் டப்பாவுக்குள் நுழையும் அளவுள்ள எந்தத் துண்டு கழன்று வந்தாலும் அது தொண்டையில் அடைக்கும். பாட்டுப் பாடும் பொம்மை இருந்தால் பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு இறுகியிருக்க வேண்டும். பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகும். மூடி ஆடுகிறது என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பாட்டில்லாமலே கொடுங்கள். உங்கள் பாட்டு போதும்.

வந்த அன்றே துணியைச் சோப்புப் போட்டு அலசி, ஒரு முழு நாள் வெயிலில் காயப் போடுங்கள். பிளாஸ்டிக்கைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், குழந்தை கடிக்கும் விளிம்பை இரண்டு தடவை. நீங்கள் எடுக்கும் நேரம் மழைக்காலமாக இருந்தால் இன்னொரு சீட் துணி கேட்டு வாங்குங்கள். மூத்திரம் பட்ட துணி கார்த்திகையில் மூன்று நாளானாலும் காயாது. ஈரத் துணியில் உட்கார வைத்தால் தொடை இடுக்கு சிவந்து புண்ணாகும். அட்வான்ஸ் எப்போது திரும்பி வரும், கீறல் விழுந்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இறக்கியதும் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

இன்றிலிருந்து சீட் வரும்வரை செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதுதான் முக்கியமானது. இன்னும் நகராத குழந்தைகளை விழித்திருக்கும் நேரத்தில், எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது 30 நிமிடம் குப்புறப் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. கீழே விட்டால் அழுகிறாள் என்கிறீர்கள். ஆமாம், முதலில் அழுவாள், கழுத்து வலிக்கும். 30 நிமிடத்தை ஒரேயடியாகச் செய்ய வேண்டாம். இரண்டு நிமிடம், மூன்று நிமிடமாகப் பிரித்துப் பத்துப் பன்னிரண்டு தடவை. பால் குடித்த உடனே வேண்டாம். குளிப்பாட்டி எண்ணெய் துடைத்த பிறகு நல்ல நேரம். கோரைப் பாய் மேல் ஜமக்காளம் விரித்து, நெஞ்சுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள், கைகள் அதற்கு முன்னால் வரட்டும். நீங்களும் அவள் முகத்துக்கு எதிரே தரையில் படுங்கள். பொம்மை ஒன்றும் வாங்க வேண்டாம்; பளபளவென்று தேய்த்த பித்தளைத் தாம்பாளத்தை எதிரே சாய்த்து வைத்தால் தன் முகத்தைப் பார்த்துத் தலையைத் தூக்குவாள். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகளையும் எழுதிவிடுகிறேன். இப்போதும் தலை நிற்கவில்லை, தூக்கும்போது கால்கள் விறைத்துக் கத்தரி மாதிரி பின்னுகின்றன, உடம்பு துணி போலத் துவள்கிறது, எப்போதும் ஒரு கையை மட்டுமே நீட்டுகிறாள், ஒரு தொடை மற்றதைவிடக் குறைவாக விரிகிறது, இவற்றில் எது இருந்தாலும் சீட் எதுவும் வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்பது மாதம் முடிந்தும் தானாக உட்காரவில்லை என்றாலும் அப்படியே. உங்கள் மாவட்டத்தின் ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள்; வழி தெரியாவிட்டால் கிராமச் செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேளுங்கள். உங்கள் கடிதத்தில் இப்படி எதுவும் இல்லை. அதனால் பயப்படாதீர்கள்.

அப்புறம் உங்கள் மாமியார். வாக்கர் வேண்டாம் என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்லிவிடுங்கள், பழி என்மேல் இருக்கட்டும். கீழே உட்கார முடியாவிட்டால் பாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார வையுங்கள், பாப்பா குப்புறக் கிடக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிடட்டும். சீட் வந்த பிறகு அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கடிகாரத்தில் பார்த்து, "போதும், தூக்கு" என்று சொல்லும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். மிஷினில் உட்கார்ந்தால் நேரம் போவது உங்களுக்குத் தெரியாது.